விடை வந்துவிட்டது, கணக்கு வந்ததா?

வாசகர் கேள்வி – பதில்: சாட்பாட்டும் கணிதப் பாடமும்

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு. வீட்டுப்பாடக் கணக்கைப் போனில் படம் பிடித்து சாட்பாட்டிடம் கொடுக்கிறான். அது படிப்படியாகப் போட்டுக் காட்டுகிறது. புரிந்துவிட்டது என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொள்கிறான். நோட்டில் எல்லாம் சரி. தேர்வில் மட்டும் மதிப்பெண் இறங்கிக்கொண்டே போகிறது. போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா?

பதில்: அவன் பொய் சொல்லவில்லை. பார்க்கும்போது உண்மையிலேயே புரியத்தான் செய்யும். ஆனால் ஒருவர் போட்ட கணக்கை வரி வரியாகப் பின்தொடர்வது ஒரு வேலை, வெற்றுத்தாளை முன்னால் வைத்துக்கொண்டு முதல் வரி என்ன என்று முடிவெடுப்பது வேறு வேலை. தேர்வு கேட்பது இந்த இரண்டாவது வேலையை. சாட்பாட் அவனுக்காகச் செய்து கொடுத்துவிடுவதும் அதையேதான்.

துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்து, 2024-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்குச் சாதாரண ஜிபிடி-4 சாட்பாட். இன்னொரு குழுவுக்கு, நேரடி விடை தராமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்களின் துணையோடு கட்டுப்படுத்திய சாட்பாட். மூன்றாவது குழுவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். பயிற்சி நேரத்தில், மூன்றாவது குழுவைவிட முதல் குழு 48 சதவீதமும் இரண்டாவது குழு 127 சதவீதமும் அதிகமாக வாங்கின. பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, முதல் குழு எந்தக் கருவியும் இல்லாதவர்களைவிட 17 சதவீதம் கீழே போனது. குறிப்பு மட்டும் பெற்ற குழுவுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. ஆனால் மூன்றாவது குழுவை அது முந்திவிடவும் இல்லை. 127 சதவீதம் தேர்வு அறைக்குள் நுழைந்ததும் கரைந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். ‘எங்கள் செயலியில் மதிப்பெண் இரட்டிப்பு’ என்று விளம்பரம் செய்பவர்கள் காட்டுவது பயிற்சி மதிப்பெண்ணா, தேர்வு மதிப்பெண்ணா என்று கேளுங்கள்.

ஆகவே போனைப் பிடுங்க வேண்டாம், வரிசையை மாற்றுங்கள். முதலில் அவன் தாளில் போடட்டும். முடியாவிட்டாலும் முட்டிய இடம் வரைக்கும் எழுதட்டும். ‘தெரியாத எண்ணை க என்று வைத்தேன், அதற்கு மேல் ஓடவில்லை’ என்ற ஒரு வரியாவது தாளில் இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் முட்டிய பிறகு சாட்பாட்டிடம் இப்படிக் கேட்கட்டும்:

“கணக்கும் நான் போட்ட வழியும் கீழே இருக்கின்றன. முதலில் தவறும் வரி எது என்று மட்டும் சொல். விடையைச் சொல்லாதே, திருத்தியும் காட்டாதே. என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு நிறுத்திக்கொள்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால், தவறைச் சுட்டிய கையோடு அது முழுக் கணக்கையும் போட்டுத் தள்ளிவிடும். உரையாடல் நீண்டுபோனாலும் இந்த நிபந்தனையை மறந்து பழைய வழக்கத்துக்குத் திரும்பும்; அப்போது நிபந்தனையை மறுபடி ஒட்டுங்கள். ஒவ்வொரு கணக்கையும் புதிய உரையாடலில் தொடங்குவது இன்னும் நல்லது. மறுநாள், போன் கையில் இல்லாமல், அதே கணக்கை எண்களை மாற்றிப் போடச் சொல்லுங்கள். அதில் தடுமாறினால் முந்தைய நாள் நடந்தது எழுத்துப் பயிற்சி என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: சர்வதேசக் கணித ஒலிம்பியாட் கணக்கையே போடுகிறதாம். ஆனால் நான்கு இலக்கப் பெருக்கலில் தப்பு விடுகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டும் உண்மை. 2025 ஒலிம்பியாட்டின் ஆறு கணக்குகளில் ஐந்தைப் போட்டு, 42-க்கு 35 மதிப்பெண்ணோடு தங்கப் பதக்க அளவைத் தொட்டதாக கூகுள் டீப்மைண்ட், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ என்ற இரு ஏஐ நிறுவனங்களுமே அறிவித்தன. முன்னதை ஒலிம்பியாட்டின் மதிப்பீட்டாளர்களே திருத்தினார்கள். பின்னதை அந்த நிறுவனம் தானே அழைத்த முன்னாள் பதக்கக்காரர்கள் திருத்தினார்கள். அந்தச் சோதனைகளில் ஓடியவை ஒரு கணக்குக்கு மணிக்கணக்காக யோசிக்கவிடப்பட்ட மாதிரிகள் (மாடல்கள், அதாவது சாட்பாட்டுக்குள் ஓடும் ஏஐ மென்பொருள்). உங்கள் போனில் இரண்டு விநாடியில் பதில் சொல்வது அதே குடும்பம் என்றாலும் அதே ஆள் இல்லை.

பெருக்கல் ஏன் தவறுகிறது? மொழி மாதிரிக்கு எண் என்பதும் எழுத்துத் துண்டுதான். உள்ளே நுழையும் உரையை அது ‘டோக்கன்’ என்ற துண்டுகளாக நறுக்கிக்கொள்கிறது. பல மாதிரிகளில் 4738 என்பது 473, 8 என்று இரண்டாகப் பிரியும். அதில் ஒன்றாம் இடம் எது, நூறாம் இடம் எது என்பது நறுக்கும்போதே குழம்பிவிடுகிறது. அதன்பின் அது பெருக்குவதில்லை. அடுத்து வரத்தக்க துண்டு எது என்று ஊகிக்கிறது. 2024-இல் பல சாட்பாட்டுகள் 9.9-ஐவிட 9.11 பெரியது என்று சாதித்தது இதே வகைக் கோளாறு. (நம் பிள்ளைகளும் இதே தப்பைச் செய்கிறார்கள், ‘ஒன்பதைவிடப் பதினொன்று பெரிது’ என்ற காரணத்தோடு.)

தவறுக்கு ஓர் அடையாளம் உண்டு: முதல் இரண்டு மூன்று இலக்கமும் கடைசி இலக்கமும் சரியாக இருக்கும், நடுவில் பிசகும். தோராயம் ஊகத்தில் வந்துவிடும். கடைசி இலக்கம் (4738 × 6291 என்றால்) 8 × 1 என்ற சின்ன வாய்ப்பாட்டில் வந்துவிடும். நடு இலக்கங்களுக்குத்தான் மீதியை ஏற்றிச் சுமக்க வேண்டும்.

கையிலேயே சோதிக்கலாம். 4738 × 6291 = 2,98,06,758. இதில் 6291-இன் இலக்கக் கூடுதல் 18, அதாவது 9-ஆல் வகுபடும் எண். எனவே பெருக்குத்தொகையும் 9-ஆல் வகுபட்டே தீரவேண்டும்: 2+9+8+0+6+7+5+8 = 45, சரி. சாட்பாட் 2,98,46,758 என்று சொல்லியிருந்தால் கூடுதல் 49, அங்கேயே பிடிபடும். இரண்டு இலக்கம் இடம் மாறி 2,98,60,758 என்று வந்தால் ஒன்பது காட்டிக்கொடுக்காது, கூடுதல் மாறவில்லையே. அதற்கு 11 சோதனை: வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழியுங்கள். 4738-க்கு 8−3+7−4 = 8. 6291-க்கு 1−9+2−6 = −12; பதினொன்றைக் கூட்டினால் −1. இரண்டையும் பெருக்கினால் −8, பதினொன்றைக் கூட்டினால் 3. சரியான விடைக்கு 8−5+7−6+0−8+9−2 = 3, பொருந்துகிறது. இடம் மாறிய விடைக்கு 15 வரும், பதினொன்று போக 4. மாட்டிக்கொண்டது.

இதெல்லாம் வேண்டாம் என்றால் ‘பைத்தானில் நிரல் எழுதி ஓட்டிச் சொல்’ என்று கேளுங்கள் (பைத்தான் ஒரு கணினி நிரல்மொழி). அந்த வசதி உள்ள சாட்பாட் எண்ணைக் கணினியிடமே கொடுத்துவிடும். நிரல் உண்மையிலேயே ஓடியதற்கான பெட்டி திரையில் தெரிகிறதா என்று பாருங்கள். ஓட்டாமலேயே ‘சரிபார்த்துவிட்டேன்’ என்று எழுதும் பழக்கமும் இவற்றுக்கு உண்டு.

கேள்வி: நான் பிளஸ் டூ. பாடமே சரியாகத் தெரியாதபோது, சாட்பாட் தந்த விடை சரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கணக்கில் பல இடங்களில் விடையைக் கண்டுபிடிப்பதைவிடச் சரிபார்ப்பது எளிது. சமன்பாடு என்றால் பிரதியிடுங்கள். தொகையிட்டு வந்த விடையை வகையிடுங்கள். பழைய சார்பு திரும்பி வர வேண்டும். காரணிப்படுத்தியதைப் பெருக்கிப் பாருங்கள். நிகழ்தகவு 0-க்கும் 1-க்கும் இடையில் இருக்கிறதா, எல்லா வாய்ப்புகளையும் கூட்டினால் 1 வருகிறதா? வடிவியல் என்றால் அளவுகோல் வைத்துப் படம் வரையுங்கள்.

ஓர் உதாரணம்: √(க + 6) = க. இருபுறமும் வர்க்கப்படுத்தினால் க² − க − 6 = 0, அதிலிருந்து க = 3, க = −2. இரண்டையும் விடையாக எழுதியிருந்தால் பிரதியிடுங்கள். க = 3 எனில் √9 = 3, சரி. க = −2 எனில் இடப்பக்கம் √4 = 2, வலப்பக்கம் −2. இந்த மூலம் வர்க்கப்படுத்தியதால் முளைத்த போலி. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: க² = 5க என்பதில் இருபுறமும் க-ஆல் வகுத்துவிட்டு 5 மட்டும் விடை என்பது. அங்கே 0 காணாமல் போகிறது. பிரதியிடல் போலியைப் பிடிக்கும், காணாமல் போனதைப் பிடிக்காது. அதற்கு ஒவ்வொரு வரியிலும் ‘இங்கே எதனால் வகுத்தேன், அது பூச்சியமாக இருக்க முடியுமா?’ என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

நிரூபணங்களில் ‘தெளிவாக’, ‘எளிதில் காணலாம்’ என்ற சொற்கள் வரும் வரியை அடிக்கோடிடுங்கள். ஓட்டை இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அந்த வரியை மட்டும் தனியாக எடுத்து ‘இதற்கு எந்தத் தேற்றம், அதன் நிபந்தனைகள் இங்கே பொருந்துகின்றனவா?’ என்று கேளுங்கள்.

கேள்வி: சராசரி வேகக் கணக்கில் சாட்பாட் 40 என்றது. நான் 45 என்று அடித்துச் சொன்னதும் மன்னிப்புக் கேட்டு 45 என்று மாற்றிக்கொண்டது. யார் சரி?

பதில்: அது முதலில் சொன்னது சரி. போகும்போது மணிக்கு 30 கி.மீ., வரும்போது 60 கி.மீ. என்பதுதானே கணக்கு? தூரம் 60 கி.மீ. என்று வையுங்கள். போக 2 மணி, வர 1 மணி, 120 கி.மீ.க்கு 3 மணி நேரம், சராசரி 40. மெதுவாக ஓடிய நேரம் இரு மடங்கு என்பதால் சராசரி 30-இன் பக்கம் சாய்கிறது. இரண்டு வேகத்தையும் கூட்டி இரண்டால் வகுத்ததால் உங்களுக்கு 45 வந்தது.

இந்தக் கருவிகள் மனிதர்கள் ‘பிடித்திருக்கிறது’ என்று சொன்ன பதில்களை வைத்துப் பழக்கப்பட்டவை, அதனால் தலையாட்டும் குணம் இருக்கிறது. புதிய மாதிரிகளில் குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. ‘விடை 45 தானே?’ என்று ஒருபோதும் கேட்காதீர்கள். உங்கள் விடையைச் சொல்லாமல் கணக்கை மட்டும் கொடுங்கள். ஐயம் வந்தால் வாதாட வேண்டாம். புதிய உரையாடல் திறந்து ‘ஒரு மாணவர் 40 என்கிறார், இன்னொருவர் 45 என்கிறார், இருவரில் ஒருவரின் வழி தவறு, எந்த வரியில்?’ என்று கேளுங்கள். உங்களுடைய விடை எது என்று தெரியாதபோது அதற்கு யாரை மகிழ்விப்பது என்றும் தெரியாது.

கேள்வி: ஆசிரியை நான். பயிற்சித் தாள் தயாரிக்க சாட்பாட்டைப் பயன்படுத்துகிறேன். இருபது கணக்கு நொடியில் வருகிறது. ஆனால் வகுப்பில் கொடுத்தால் இரண்டு மூன்று கணக்குக்கு விடையே வரமாட்டேன் என்கிறது.

பதில்: அது கணக்கின் தோற்றத்தை நன்றாகச் செய்கிறது, எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதில்லை. 7, 10, 18 செ.மீ. பக்கங்கள் கொண்ட முக்கோணத்தின் பரப்பு கேட்கும். 7 + 10 என்பது 18-ஐவிடக் குறைவு, அப்படி முக்கோணமே இல்லை. ஹெரான் சூத்திரத்தில் போட்டால் வர்க்கமூலத்துக்குள் குறை எண் வந்து நிற்கும். இதுவாவது வெளிப்படையாக இடிக்கும். ஆபத்தானது சத்தமில்லாமல் வருவது: ‘ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணம் 10 செ.மீ., கர்ணத்துக்கு வரைந்த செங்குத்துயரம் 6 செ.மீ., பரப்பு என்ன?’ எல்லோரும் 30 என்று எழுதிவிடுவார்கள். ஆனால் செங்கோண உச்சி, கர்ணத்தை விட்டமாகக் கொண்ட வட்டத்தின் மேல் இருக்க வேண்டும். அதன் ஆரம் 5. உயரம் 5-ஐத் தாண்டவே முடியாது. சாட்பாட் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஆசிரியர்களை விழவைத்த கணக்கு இது. சாட்பாட்டும் விழும், அதன் விடைத்தாளும் 30 என்றே சொல்லும்.

எனவே விடையிலிருந்து பின்னோக்கிக் கட்டச் சொல்லுங்கள். இருபடிச் சமன்பாடு வேண்டுமானால் ‘முதலில் −9 முதல் 9 வரை இரண்டு முழு எண் மூலங்களைத் தேர்ந்தெடு, பிறகு பெருக்கிச் சமன்பாட்டை உருவாக்கு, கடைசியில் கணக்கை எழுது’ என்று. நிரல் எழுதி எண்களை உருவாக்கினால் பிழை வெகுவாகக் குறையும். ஒரே மூச்சில் இருபது கேட்காதீர்கள். ஐந்து ஐந்தாகக் கேளுங்கள். பத்தைத் தாண்டினால் முதல் கணக்குகளே பெயரும் எண்ணும் மாறித் திரும்பி வரும். பிறகு, ஒவ்வொன்றையும் நீங்கள் ஒருமுறை போட்டுப் பார்த்தே ஆகவேண்டும். அந்த நேரத்தை மிச்சம்பிடிக்க வழியில்லை.

சாட்பாட் நிஜமாகவே உங்கள் நேரத்தை மிச்சப்படுத்தும் இடம் வேறு: தவறுகளைத் தயாரிப்பது. கழித்தலில் பிள்ளைகள் செய்யும் பிழைகள் தாறுமாறானவை இல்லை, ஒரு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுபவை என்று 1978-இலேயே பிரவுன், பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் கணினி வைத்துக் காட்டினார்கள். 304 − 127-க்குச் சரியான விடை 177. ஒரு பிள்ளை 223 என்று எழுதினால், ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறது. 277 என்று எழுதினால், பூச்சியத்தை 9 ஆக்கிக்கொண்டு, நூறாம் இடத்திலிருந்து கடன் வாங்க மறக்கிறது. இரண்டுக்கும் மருந்து வெவ்வேறு. ‘மாணவர் 304 − 127 = 277 என்று எழுதியிருக்கிறார். எந்தத் தவறான விதி இந்த விடையைத் தரும்? அதே விதியில் 503 − 168-க்கு என்ன எழுதுவார்?’ என்று கேளுங்கள். சாட்பாட் 435 என்று சொன்னால் ஊகம் சரியான பாதையில் இருக்கிறது (உண்மை விடை 335). அந்தக் கணக்கைப் பிள்ளையிடம் கொடுங்கள். பிள்ளையும் 435 எழுதினால் நோய் உறுதி. சரியைத் தேர்ந்தெடு வகை வினாக்களுக்கு மூன்று தவறான தெரிவுகளையும் இப்படியே அமையுங்கள். கண்டபடி போட்ட எண்களிலிருந்து ஒன்றும் தெரியவராது.

கேள்வி: வீட்டுப்பாடத்தை சாட்பாட் போட்டதா என்று காட்டும் கருவி ஏதாவது உண்டா?

பதில்: நம்பத்தக்கது இல்லை. ஓப்பன்ஏஐயே தான் வெளியிட்ட கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதுவும் உரைநடைக்கானது, கணக்கில் எல்லோருடைய சரியான விடையும் ஒன்று போலத்தானே இருக்கும். மாணவரைக் கூப்பிட்டு ‘மூன்றாவது வரியில் ஏன் 2-ஆல் வகுத்தாய்?’ என்று கேளுங்கள். ஒரு நிமிடம் போதும்.

கேள்வி: படம் எடுத்து அனுப்பினால் சில நேரம் வேறு கணக்கையே போடுகிறது. ஏன்?

பதில்: தவறாகப் படித்திருக்கும். அதிகம் தொலைவது கழித்தல் குறி, அடுத்து அடுக்கு எண். அதற்கடுத்து வர்க்கமூலக் கோடு எதுவரை நீள்கிறது என்பது. √(க + 6) என்பது √க + 6 ஆகிவிடும். கையெழுத்தில் 1-உம் 7-உம், 5-உம் 6-உம் மாறும். முதலில் ‘கணக்கை நீ எப்படிப் படித்தாய் என்று எழுது, போடாதே’ என்று கேட்டு ஒப்பிடுங்கள். வடிவியல் படங்களை இன்னும் நம்பக் கூடாது: எந்தக் கோணம் எந்த உச்சியில், எந்தக் கோடு எதற்கு இணை என்பதைப் படத்திலிருந்து எடுப்பதில் நிறையத் தவறும். ‘முக்கோணம் அஆஇ-இல் ஆ செங்கோணம், அஆ = 6’ என்று சொற்களில் எழுதிக் கொடுங்கள். எழுதும்போதே பாதிக் கணக்கு உங்களுக்கு விளங்கிவிடவும் கூடும்.

கேள்வி: எத்தனை வயதிலிருந்து கொடுக்கலாம்?

பதில்: சாட்ஜிபிடியின் விதிப்படி 13 வயதுக்குக் கீழ் கூடாது, 18 வரை பெற்றோர் அனுமதி வேண்டும். மற்றவற்றுக்கு அந்தந்த நிறுவனத்தின் விதியைப் பாருங்கள். பெயர், பள்ளி, மதிப்பெண் பட்டியல் எதையும் உள்ளே போட வேண்டாம். 2025-இல் சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் மூன்றிலும் விடையை உடனே கொட்டாமல் கேள்வி கேட்டு நடத்தும் கற்றல் முறை வந்திருக்கிறது. அதை இயக்கிக் கொடுங்கள். ஆனால் ஒரே தட்டலில் அணைத்துவிடலாம் என்பது பிள்ளைகளுக்கு உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

கேள்வி: பிள்ளை தனியாகவே சாட்பாட்டோடு உட்கார்ந்து முழுப் பாடத்தையும் கற்றுக்கொள்ள முடியாதா? ஆசிரியர் எதற்கு?

பதில்: 1973-இல் எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவனோடு பேசினார். ஆய்வில் அவன் பெயர் பென்னி. அவன் படித்தது தனித்தனியாகத் தாள் எடுத்துப் போட்டு, விடைத்தாளோடு ஒப்பிட்டு முன்னேறும் திட்டம். வகுப்பில் நன்றாகப் போகும் பையன் என்று பெயர். உட்கார்ந்து கேட்டபோது 2/10-ஐத் தசமத்தில் 1.2 என்றான், 5/10-ஐ 1.5 என்றான். மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் கூட்டி நடுவில் புள்ளி வைப்பது அவன் விதி. விடைத்தாளோடு ஒத்துவராத இடங்களில் ‘ஒரே விடையை வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள்’ என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அத்தனை நிலைகளையும் தாண்டி வந்திருந்தான்.

அந்தத் தாளின் இடத்தில் இன்று பேசும் தாள் இருக்கிறது. பேசுவதால் சில பென்னிகளைப் பிடிக்கும்; ஆனால் பிள்ளை எழுதிக் கொடுத்ததை மட்டும்தான் அது பார்க்கிறது. விடை சரியாக இருந்தால் மேற்கொண்டு தோண்டுவதில்லை. அழித்துவிட்டு எழுதியது, விரல் விட்டு எண்ணியது, பின்னத்தைக் கண்டதும் வந்த தயக்கம் எதுவும் அதன் திரைக்குப் போவதில்லை.

ஆசிரியரின் பக்கத்தில் அதை உட்காரவைத்தபோது பலன் தெரிந்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் 2024-இல் 900 பயிற்றுநர்களையும் 1,800 மாணவர்களையும் கொண்டு நடத்திய சோதனையில், ஏஐ பேசியது பயிற்றுநரிடம் மட்டும்: இந்தத் தவறுக்கு இப்படி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள் என்று. மாணவர்கள் பாடத்தைத் தேறும் வாய்ப்பு 4 சதவீதப் புள்ளி கூடியது. தரமதிப்பீட்டில் பின்தங்கிய பயிற்றுநர்களின் மாணவர்களுக்கு 9 புள்ளி.

வீட்டில் ஆசிரியர் இல்லாதபோது அந்த நாற்காலியில் நீங்கள் உட்காரலாம், கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை போட்டு முடித்த கணக்குகளில், விடை சரியாக வந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, போனை மூடிவைக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் ‘இது ஏன்?’ என்று கேளுங்கள். ‘அப்படித்தான் போடணும்’ என்ற பதில் வரும் வரியைப் பென்சிலால் வட்டமிட்டு, மறுநாள் ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள்.